வீட்டுப் போர்ச்சில் ஒரு மோரிஸ் மைனர்: நண்பர்களோடு பழைய காரை மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி

பழைய கார் வாசலுக்கு வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் ஆபத்தான நாள். நண்பர்கள் நான்கு பேர் ஸ்பேனரோடு வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். மாலைக்குள் கதவு, இருக்கை, ரேடியேட்டர், டைனமோ எல்லாம் கழன்று தரையில் பரவிக் கிடக்கும். பெரிய வேலை முடிந்ததுபோல் மனம் நிறைந்திருக்கும். அப்படிப் பிரித்துப்போட்ட கார்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்து, கடைசியில் இழுவை லாரியில் ஏறிப் போனதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே விதியைச் சுற்றித்தான் போகிறது. ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றுங்கள். அதைச் சரிசெய்து திரும்ப மாட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஞாயிறு மாலை நண்பர்கள் கிளம்பும்போது, முடிந்தவரை, வண்டி தன் நான்கு சக்கரங்களில் நிற்கட்டும்.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் என் அக்கா வீட்டுப் போர்ச்சில், 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் ஒன்றை ஐந்து பேர் சேர்ந்து இரண்டேகால் ஆண்டில் ஓட வைத்தோம். கீழே வரும் அளவுகளும் அனுபவமும் அந்த வண்டியுடையவை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் அது. 1970களின் தொடக்கம்வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. கட்டமைப்பு எளிது, உதிரிபாகம் பிரிட்டனில் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. முதல் முறை இறங்குபவர்களுக்கு இதைவிட நல்ல கார் எனக்குத் தெரியவில்லை. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை பொருந்தும்; அளவுகளை மட்டும் உங்கள் காரின் பட்டறைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதம்

சிங்கப்பூரில் பழைய காரின் உயிர் அதன் பதிவில் இருக்கிறது. வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, 1990 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். பதிவை ரத்துசெய்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் வண்டியை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டும். அதனால் "பதிவு போய்விட்டது, வண்டி மட்டும் இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

35 வயதைத் தாண்டிய காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் 'கிளாசிக்' திட்டத்தில் வைத்திருக்கலாம். செலவு குறையும், ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். வாங்கப்போகும் வண்டி எந்தத் திட்டத்தில் இருக்கிறது, சாலை வரி எப்போது முடிகிறது, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவில் உள்ளபடியே இரும்பிலும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள். எஞ்சினை மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் ஆணையத்தின் பதிவில் அது ஏற வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பகுதி என்ற விதிக்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. அதில் தேறாமலும் காப்புறுதி இல்லாமலும் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வண்டி எலும்புக்கூடாக நிற்கும்போது பரிசோதனை அறிவிப்பு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அந்தத் தேதிக்கு ஆறு வாரம் இருக்கும்போது புதிதாக எதையும் பிரிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். அது எங்களை இரண்டு முறை காப்பாற்றியது.

இடம்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடம் காரைப் பிரித்து வேலை செய்யும் இடமல்ல. நான் இருப்பதும் ஈசூனில் நான்கறை வீடுதான். தரைவீட்டில் இருக்கும் உறவினரோ நண்பரோ போர்ச்சைத் தந்தால்தான் இந்த வேலை நடக்கும். தருபவரிடம் எத்தனை மாதம், எந்தெந்த நாள், எத்தனை மணிவரை என்பதையெல்லாம் முதலிலேயே பேசிவிடுங்கள். அக்கா வீட்டில் ஞாயிறு காலை ஒன்பதுக்கு முன் சுத்தியல் சத்தம் கூடாது என்று அத்தான் சொன்னார். இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பக்கத்து வீட்டு மலாய் அண்ணன் மறுவாரமே ஸ்பேனரோடு வந்து சேர்ந்துகொண்டார்.

போர்ச்சு தரையில் டைல்ஸ் இருந்தால் ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பிளைவுட் போடுங்கள். இல்லாவிட்டால் டைல்ஸ் உடையும், ஸ்டாண்டும் வழுக்கும். எண்ணெயை, பிரேக் திரவத்தை, ரேடியேட்டர் நீரை வாசல் சாக்கடையில் ஊற்றவே கூடாது. இந்த ஊரின் மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன. பழைய எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழக்கமான ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள்.

அடுத்தது கொசு. மூன்றாம் மாதம் வண்டிமேல் போட்ட தார்ப்பாய் நடுவில் தொய்ந்து மழைநீர் தேங்கியிருந்தது. கழற்றி வைத்த ஹப் கேப்பிலும் நீர். அக்கா மகள்தான் அதில் கூத்தாடிப் புழு நெளிவதைப் பார்த்தாள். அந்தத் தெருவில் குழந்தைகள் இருக்கிறார்கள். டெங்கி யாருக்கும் வரலாம். அன்றிலிருந்து வெறும் பாத்திரம், டிரம், ஹப் கேப் எல்லாம் கவிழ்த்தே வைக்கிறோம். தார்ப்பாயைக் கம்பு கொடுத்துக் கூரைபோல் நிமிர்த்திக் கட்டுகிறோம்.

வாங்குவதற்கு முன் காந்தமும் ஸ்குரூடிரைவரும்

பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். மைனருக்குத் தனியாக சேசிஸ் கிடையாது; உடலே வண்டியைத் தாங்கும் சட்டம். அந்த உடல் துருவில் போனால் கார் போயிற்று. அடிப்பகுதியில் குறுக்கே ஓடும் உத்தரத்தின் இரு முனைகள், கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், முன்பக்கம் எஞ்சினைத் தாங்கும் இரண்டு கால்கள், டிக்கியின் தரை ஆகிய இடங்களைப் பழைய ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். துரு 'பொத்' என்று உள்வாங்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் புட்டி அப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

மட்கார்டில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம். மைனரின் முன், பின் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை, கழற்றி மாற்றலாம். எஞ்சின் புகை கக்கினாலும் பரவாயில்லை. இரும்பு நல்லதாக, எஞ்சின் மோசமாக இருக்கும் வண்டியை வாங்குங்கள். மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

நண்பர்கள்

எங்கள் ஐவரில் ஒருவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு வெல்டிங் செய்து ஓய்வுபெற்ற அண்ணன். இன்னொருவர் என் பள்ளித் தோழர், மின்தூக்கி பழுதுபார்ப்பவர். வயரிங் முழுவதும் அவர் பொறுப்பு. பக்கத்து வீட்டு மலாய் அண்ணனுக்கு வெஸ்பா ஓட்டிய காலத்திலிருந்தே கார்புரேட்டர் பழக்கம். நான்காவது, பலதொழில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள். கையேட்டைப் படித்துச் சொல்வதும், படம் எடுப்பதும், பட்டியல் எழுதுவதும் அவள் வேலை. வண்டி ஓடியதற்கு யார் முதல் காரணம் என்று கேட்டால் நான் அவளைத்தான் சொல்வேன். வலுவான கைகள் எளிதாகக் கிடைக்கும். எழுதி வைக்கும் ஆள் கிடைப்பது அரிது. முதலில் அவரைத் தேடுங்கள்.

நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நமக்குத் தரும் கொடை. அதை வீணாக்கக் கூடாது என்பதற்காக நான் சில பழக்கங்கள் வைத்துக்கொண்டேன். அந்த வாரத்து வேலைக்கு வேண்டிய பாகம், கேஸ்கெட், திரவம், சரியான ஸ்பேனர் எல்லாம் சனிக்கிழமை இரவே மேசையில் இருக்கும். பாகம் வந்து சேராவிட்டால் அந்த வேலையைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுப்போம். நாலு பேர் நின்றுகொண்டு ஒரு சீலைத் தேடும் ஞாயிறு இரண்டு முறை வந்தால் மூன்றாம் ஞாயிறு யாரும் வர மாட்டார்கள். மதியச் சாப்பாடு எப்போதும் என் செலவு. வண்டி என்னுடையது, அடுப்படி வேலையை அக்கா தலையில் கட்டக் கூடாது. காலையில் சோங் பாங்கிலிருந்து பிராட்டாவும் கோப்பியும் வந்துவிடும். பணக் கணக்குக்குத் தனி நோட்டு: யார் எதை வாங்கினாலும் அன்றே எழுதி, அன்றே நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வொர்க் பெர்மிட்டில் வந்து வேலை செய்யும் தம்பிகள் நம்மில் பலருக்கு நண்பர்கள். கைத்தொழில் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் பெர்மிட்டில் உள்ள முதலாளிக்கு மட்டுமே அவர்கள் வேலை செய்யலாம். நம் காருக்காக அவர்கள் பிழைப்பை ஆபத்தில் மாட்டிவிடக் கூடாது. சாப்பிடக் கூப்பிடுங்கள், பேசிக்கொண்டிருங்கள், ஸ்பேனரைக் கையில் கொடுக்காதீர்கள்.

படம், பை, சீட்டு

கழற்றுவதற்கு முன் மூன்று கோணத்தில் படம். கழற்றிய போல்ட்டு, அது வந்த துளையிலேயே திரும்ப இரண்டு சுற்று. முடியாவிட்டால் ஜிப் பையில் போட்டு, பைக்குள்ளேயே பென்சிலில் எழுதிய சீட்டு. மார்க்கர் மை எண்ணெயில் கரைந்துவிடும். மாஸ்கிங் டேப் நம் ஊர் ஈரக்காற்றில் பத்து நாளில் உதிர்ந்துவிடும். சீட்டில் 'முன் வலது, மேல் கை, வெளிப்பக்கம்' என்று இடத்தை எழுதுங்கள். 'நீள போல்ட்டு' என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

கருவிகள்

மைனரின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று ஸ்பேனர்கள் பாதி வண்டியைக் கழற்றும். மில்லிமீட்டர் ஸ்பேனர் 'கிட்டத்தட்ட' பொருந்தும், பிறகு நட்டின் முனையை வழித்துவிடும். ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டுவது), மல்ட்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), கிரீஸ் கன் கட்டாயம் வேண்டும். தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நான்கு ஆக்ஸில் ஸ்டாண்டுகளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஒரு நொடிக்குக்கூட. பழைய வண்டியில் ஜாக் வைக்கும் துளையே துருப்பிடித்திருக்கும். ஸ்டாண்டைப் பின் ஆக்ஸிலுக்கு அடியிலும் முன்பக்கக் கால்களுக்கு அடியிலும் வையுங்கள்.

பிரேக்

எஞ்சினைத்தான் எல்லோரும் முதலில் கிளப்பப் பார்ப்பார்கள். நிற்கத் தெரியாத காரை ஓட வைப்பதில் என்ன இருக்கிறது? பிரேக்கில் தொடங்குங்கள். தள்ளி நகர்த்தவும் அது வேண்டும்.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முழு அமைப்புக்கும் ஒரே திரவச் சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. அதனால் 'இது நன்றாகத்தானே இருக்கிறது' என்ற பேச்சே வேண்டாம். ரப்பர் குழாய்கள், இரும்புக் குழாய்கள், சக்கர சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டரின் சீல்கள் எல்லாமே புதிது. துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாயாகப் போடுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாதீர்கள், முகக்கவசத்தோடு ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி வீசுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, சட்டத்தின் காலுக்குள் ஒளிந்திருக்கும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை வெளியே இழுக்க விடாமல் முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி, மறித்து நிற்கும். அந்த பார் முறுக்கேறிய நிலையில் இருக்கிறது, தாங்கல் கொடுக்காமல் அதைத் தொட்டால் கையை முறித்துவிடும். சஸ்பென்ஷன் கைக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்துப் பளுவை எடுத்த பிறகே தளர்த்துங்கள். எங்களுக்கு அது ஒரு முழு ஞாயிறு. போல்ட்டைத் திரும்பப் போடும்போது எதிர்ப்பக்கமாகச் செருகிவிட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

பிரேக் குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும்: ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். நம் ஊர் மைனரில் அது பின் இடது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இங்கே அந்த ஈரத்துக்குக் குறைவில்லை, ஆகவே இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பெயிண்டில் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் கரையும். பட்டதும் தண்ணீர் ஊற்றுங்கள்.

இரும்பும் வெல்டிங்கும்

இந்தப் பகுதிக்கு அனுபவமுள்ள வெல்டர் இல்லையென்றால் வீட்டில் செய்யாதீர்கள். இழுவை லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். தகரத்தை ஒட்டவைக்கப் பழகிவிடலாம். காரின் சட்டத்தைத் தாங்கும் வெல்டிங் வேறு. அது விட்டுப்போனால் உயிர் போகும்.

அண்ணன் முதல் நாளே சொன்ன வார்த்தை: "ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வெட்டாதீங்க தம்பி, கப்பலே வளைஞ்சிடும், கார் எம்மாத்திரம்." வலது சில்லை வெட்டி, ஒட்டி, முடித்த பிறகுதான் இடது. வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக ஒட்டிவிடுங்கள். காரின் எடை முன்னே சொன்ன இடங்களில் வைத்த ஸ்டாண்டுகளில் இருக்கட்டும், நடுவில் தொங்க வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் முழுதாக ஒட்டுமுன் புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டு, கதவை மாட்டி மூடிப் பாருங்கள். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒன்றாக இருந்தால் தொடரலாம். கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சில்லை ஒட்டியவர்கள், பிறகு கதவே சேராமல் தவித்த கதை நிறைய உண்டு.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டாங்கியை வண்டியிலிருந்தே இறக்கித் தொலைவில் வையுங்கள். காலி டாங்கியில் தேங்கும் ஆவிதான் நிறைந்த டாங்கியைவிடக் கொடியது. அடிப்பகுதியில் பூசிய பழைய தார்ப்பூச்சு தீப்பிடிக்கும், சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒருவர் தீயணைப்பானோடும் வாளித் தண்ணீரோடும் நின்று காவல் காக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அவர் நகரக் கூடாது. தரை விரிப்புக்குள் பொறி புகைந்துகொண்டே இருந்து பிறகு பற்றும். தெருவில் போகிறவர்களின் கண்ணுக்காகப் போர்ச்சின் முன்பக்கம் வெல்டிங் திரை கட்டினோம்.

வெறும் இரும்பை இந்த ஊரில் ஓர் இரவு விட்டால் காலையில் செம்பழுப்பு. அன்று ஒட்டியதை அன்றே தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்துவிட வேண்டும். பிற்பகல் இடி மழைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, இரண்டு மணிக்கு மேல் புதிய வெட்டு எதையும் தொடங்காதீர்கள். பெட்டிபோல் மூடிய பகுதிகளுக்குள் மெழுகுக் கலவையைக் குழல் வைத்துப் பீய்ச்சுங்கள். துரு எப்போதும் உள்ளிருந்துதான் வருகிறது.

முன் சக்கரத்தின் டிரனியன்

மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டு, மேலும் கீழும் மரையில் சுழலும். அந்த மரையுள்ள துண்டுக்குப் பெயர் டிரனியன். கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஒருநாள் மரை நழுவும், சக்கரம் சாய்ந்து படுத்துவிடும். நிறுத்துமிடத்தில் திரும்பும்போது நடந்தால் அதிர்ஷ்டம். விரைவுச்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தண்டையும் டிரனியனையும் ஜோடியாக மாற்றுங்கள். பிறகு ஆயிரம் மைலுக்கு ஒரு முறை, குறைவாக ஓட்டினாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதை அடியுங்கள்.

எஞ்சின்

பல ஆண்டு தூங்கிய எஞ்சினைச் சாவியைத் திருகி எழுப்பக் கூடாது. ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு வாரம் விடுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, முன்னால் செருகும் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றியதும் பழைய எண்ணெயை இறக்கி, 20டபிள்யூ-50 எண்ணெய், ஏறக்குறைய 3.7 லிட்டர். பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றி, எண்ணெய் விளக்கு அணைந்த பிறகே பிளக்கை மாட்டுங்கள்.

அடுத்து நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து எழுதுங்கள். எண் பெரிதா என்பதைவிட நான்கும் நெருங்கி இருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். எங்கள் வண்டியில் மூன்றாவது மட்டும் தளர்ந்திருந்தது. எண்ணெய் விட்டு அளந்தும் ஏறவில்லை, ஆகவே பிஸ்டன் வளையம் இல்லை, வால்வுதான் என்று தெரிந்தது. எஞ்சின் நூறு கிலோவுக்கு மேல். அதை இறக்காமல் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, மட்டும் கழற்றினோம்.

ஹெட்டைக் கழற்றினால் அட்டையில் எட்டுத் துளையிட்டு எண் எழுதி, வால்வுகளையும் தள்ளுகோல்களையும் வரிசையாகக் குத்தி வையுங்கள். வெளியே வேலைக்குக் கொடுத்த ஓரிடத்தில் எங்கள் வால்வுகளை வரிசை கலைத்துத் திருப்பித் தந்தார்கள். நல்லவேளை, ஒவ்வொன்றின் அடியிலும் அக்கா மகள் எண் குத்தி வைத்திருந்தாள்.

இங்கே கவனிக்க வேண்டியது பெட்ரோல். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. அந்த ஈயம் வால்வு அமரும் வார்ப்பிரும்பு இருக்கையைக் காத்தது. சிங்கப்பூரில் 1998 ஜூலை 1 முதல் ஈயப் பெட்ரோல் இல்லை. ஹெட் எப்படியும் வெளியே வந்துவிட்டதால், வெளியேற்று வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகளைப் பதித்துவிடுங்கள். ஹெட்டைக் கழற்றாதவர்கள் ஈயத்துக்கு மாற்றான சேர்மானத்தை ஒவ்வொரு முறையும் டாங்கியில் ஊற்றி, வால்வு இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். குறைந்தால் இருக்கை தேய்கிறது.

ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று சுற்றாக, கடைசியில் 40 பவுண்டு-அடி அளவுக்கு முறுக்குங்கள். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ.

இதை வைக்கும் முறையைக் கும்பகோணத்திலிருந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்த மாமா கற்றுக்கொடுத்தார். ஊரில் அம்பாசடர் மெக்கானிக்காக வாழ்நாளைக் கழித்தவர். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் வழி வந்தது; அதன் பழைய எஞ்சின் மைனர் எஞ்சினுக்கு அண்ணன் முறை. மாமா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஒன்பது கணக்கு மறக்காதே மாப்ளே." வால்வுகளை முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எட்டாவது முழுதாகத் திறந்து நிற்கும்போது முதலாவதைச் சரிபார்க்கலாம். ஆறு திறந்திருந்தால் மூன்று. நான்கு திறந்திருந்தால் ஐந்து. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். எட்டையும் நான் வைத்த பிறகு மாமா எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டு, ஏழாவதை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னார். அது தளர்வாகத்தான் இருந்தது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. தீப்பொறி வரிசை 1-3-4-2. எஸ்யூ கார்புரேட்டரின் மேல் குப்பிக்குள் மெல்லிய எண்ணெய் விட மறந்தால் வண்டி முடுக்கும்போது திணறும். ரேடியேட்டரைப் பட்டறையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நமக்கு உறைபனி இல்லை, ஆனாலும் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலன்ட் துருவைத் தடுக்கிறது. ஞாயிறு போர்ச்சில் சூடாகாத எஞ்சின் புதன்கிழமை நெரிசலில் கொதித்துவிடும்.

மின்சாரம்

மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். பேட்டரி மாற்றும் எவருக்கும் தெரியும்படி அதன் அருகில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். துணி சுற்றிய பழைய வயர் விரலால் வளைத்தால் பொடியும். அப்படியென்றால் ஒட்டுப்போடாமல் முழு வயர்க் கட்டையும் புதிதாக வாங்குங்கள். நிறங்களைப் படித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்: பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது, ஊதா ஃபியூஸ் தாண்டி எப்போதும் இருப்பது, நீலம் முன்விளக்கு, சிவப்பு பக்க விளக்கு, கறுப்பு உடலுக்குப் போவது. விளக்கு மங்கினால் என் தோழர் முதலில் கறுப்பு வயரின் முனையைத்தான் தேய்ப்பார். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும்.

பெயிண்டும் உள்வேலையும்

தேய்ப்பது வீட்டில், அடிப்பது பட்டறையில். இரு கலவைப் பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். தனிக் காற்றுக் குழாயோடு கூடிய முகமூடியும் அறையும் இல்லாமல் போர்ச்சில் அடிப்பது உங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தீங்கு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீர் விட்டுத் தேய்த்து, அந்தச் சேற்றையும் துணியில் வழித்து எடுங்கள். இருக்கை உறையும் கூரைத் துணியும் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கு முன்பு போட்டால் கிரீஸ் கை பட்டே கெட்டுவிடும்.

பிரிட்டனிலிருந்து பாகம் தருவிக்கும்போது விலைமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். மைனர் வைத்திருக்கும் வேறு இருவரோடு சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்ததில் எங்களுக்கு நல்ல மிச்சம்.

சாலைக்கு

பரிசோதனைக்கு முந்தைய ஞாயிறு எந்த ஸ்பேனரும் எடுக்காமல் பட்டியலோடு மட்டும் சுற்றி வாருங்கள்: ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, ஒருவர் வெளியே நின்று பிரேக் விளக்கு, சிக்னல், ஹாரன், துடைப்பான், முன்விளக்கின் உயரம், எண்ணெய்க் கசிவு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒருவர் குறிக்கட்டும். சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் இருக்கின்றனவா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, முதல் ஓட்டத்தைப் பேட்டைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, நான்கு டிரம்மின்மேலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் உரசுகிறது.

எங்கள் மைனர் இரண்டாம் முறைதான் தேறியது. முதல் முறை கைப் பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை. கேபிளை மாற்றிக்கொண்டு மறுவாரம் போனோம்.

முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை மாற்றுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்து, வால்வு இடைவெளியையும் பாருங்கள். சக்கர நட்டுகளையும் ஸ்டீயரிங் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கிளாசிக் திட்டத்தில் இருப்பவர்கள் ஓட்டிய நாளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எங்கள் நோட்டு இன்னும் அக்கா மகளிடம்தான் இருக்கிறது; அதற்கு மேலே, போர்ச்சுத் தூணில் அடித்த ஆணியில், கிரீஸ் கன் தொங்குகிறது.